ஒரே டிஸ்க் பெட்டி, இரண்டு சேர்வர்: வன்னியில் கிளஸ்டர் பார்ப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வவுனியா, மன்னார், கிளிநொச்சி, முல்லைத்தீவு என்று எங்கள் பக்கத்தில் இப்போது பல அலுவலகங்களில் இரண்டு அல்லது மூன்று சேர்வரும், அவற்றுக்குப் பொதுவாக ஒரு டிஸ்க் பெட்டியும் வந்துவிட்டன. பார்த்துக்கொள்ள ஒருவர், மிஞ்சினால் இருவர். அறிவியல் நகரிலும் பம்பைமடுவிலும் படித்துவிட்டு வேலைக்கு வந்த தம்பி தங்கைகள் இரவு பத்து மணிக்குத் தொலைபேசியில் கேட்ட கேள்விகள்தான் இங்கே பெரும்பாலும் இருக்கின்றன. துண்டு துண்டாகச் சொன்ன பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைத்தால் அவர்களுக்கு அவசர நேரத்தில் உதவும் என்று நினைத்தேன்.

முதலில் சில சொல். ஒன்று விழுந்தால் மற்றது வேலையை எடுக்கும்படி சேர்த்துக் கட்டிய சேர்வர்களுக்குக் “கிளஸ்டர்” என்று பெயர். டிஸ்க்கைத் திறந்து அதன் கோப்புகளைப் பாவனைக்கு எடுப்பதற்கு “மவுண்ட்” என்று பெயர். “பெட்டி” என்று நான் சொல்வது பல டிஸ்க்குகளையும் அவற்றை நடத்தும் ஒன்றிரண்டு கொன்ட்ரோலர்களையும் கொண்ட பொதுச் சேமிப்பகத்தை. அந்தப் பெட்டி தன் இடத்தில் வெட்டிக் கொடுக்கும் ஒரு துண்டுக்கு “லன்” என்று பெயர். சேர்வரின் கண்ணுக்கு அது தன்னோடு பூட்டிய சாதாரண டிஸ்க் போலவே தெரியும். ஆபத்து தொடங்குவதும் அந்த இடத்தில்தான்.

சேர்வருக்குள்ளேயே டிஸ்க் இருக்கிறதே, தனியாகப் பெட்டி எதற்கு?

ஒரு சேர்வர் விழுந்தால் மற்றது அதன் வேலையை எடுக்க வேண்டும். எடுப்பதற்குத் தரவு அதன் கைக்கு எட்டவேண்டும். அவ்வளவுதான் காரணம். ஆனால் பெட்டியே விழுந்தால் இரண்டு சேர்வரும் சேர்ந்து நிற்கும் என்பதையும் வாங்கும்போதே யோசியுங்கள். பத்துப் பேர் பாவிக்கும் அலுவலகம் என்றால், ஒரு நல்ல சேர்வரும் ஒழுங்கான காப்புப் பிரதியும் போதும் என்றுதான் நான் சொல்வேன். பார்க்க ஆளில்லாத கிளஸ்டர், ஒற்றைச் சேர்வரைவிட மோசம்.

இரண்டு சேர்வரிலும் ஒரே லன் தெரிகிறது. இரண்டிலும் மவுண்ட் செய்தால் என்ன?

செய்யாதீர்கள். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் வாசிப்பதென்றால் இதை வாசியுங்கள்.

இஎக்ஸ்டி4, எக்ஸ்எஃப்எஸ், என்டிஎஃப்எஸ் போன்ற வழக்கமான கோப்பு முறைமைகள் “இந்த டிஸ்க்குக்கு நான் ஒருவனே சொந்தக்காரன்” என்ற நம்பிக்கையில் எழுதப்பட்டவை. எந்தக் கட்டம் வெறுமை, எந்தக் கட்டத்தில் எந்தக் கோப்பு என்ற விபரத்தைச் சேர்வர் தன் நினைவகத்தில் வைத்துக்கொண்டு வேலை செய்யும். மற்றச் சேர்வர் அந்த விபரத்தை மாற்றியது இதற்குத் தெரியவே தெரியாது.

சங்கக்கடையில் ஒரே கணக்குக் கொப்பிக்கு இரண்டு பேர் பொறுப்பு என்று வையுங்கள். காலையில் இருவரும் அன்றைய பக்கத்தைத் தங்கள் துண்டுத்தாளில் பார்த்து எழுதிக்கொண்டு தனித்தனி அறைக்குப் போய்விடுகிறார்கள். பதினான்காம் வரி வெறுமை என்று இருவர் தாளிலும் இருக்கிறது. ஒருவர் அதில் சீனியைப் பதிகிறார், மற்றவர் அதே வரியில் மாவைப் பதிகிறார். மாலையில் வந்து இருவரும் கொப்பியில் எழுதும்போது பின்னால் வந்தவரின் எழுத்து முன்னவரின் எழுத்தை அழித்துவிடும். டிஸ்க்கில் நடப்பதும் இதுதான், ஒரு நொடிக்குள் ஆயிரம் தடவை.

இதில் கொடுமை, உடனே எந்தப் பிழைச் செய்தியும் வராது. நான் உதவிக்குப் போன ஓர் அலுவலகத்தில் இரண்டாவது சேர்வரில் “சும்மா பார்க்க” மவுண்ட் செய்து அப்படியே விட்டிருந்தார்கள். மூன்று நாள் எல்லாம் நன்றாக ஓடியது. நான்காம் நாள் ஒரு கோப்பைத் திறந்தால் உள்ளே வேறொரு கோப்பின் நடுப்பகுதி. அந்த மூன்று நாளும் எடுத்த காப்புப் பிரதிகளிலும் அதே பழுது ஏறியிருந்தது. அதற்கு முந்தைய பிரதி இருந்தபடியால் தப்பினார்கள். மூன்று நாள் பதிவுகளைப் பிள்ளைகள் கையால் திரும்ப ஏற்றினார்கள்.

வாசிக்க மட்டும் என்று மவுண்ட் செய்தால் பரவாயில்லையா?

அதுவும் கூடாது. இஎக்ஸ்டி4 வாசிப்புக்கு மட்டும் என்று மவுண்ட் செய்தாலும், ஜர்னல் என்ற அதன் எழுத்துக் குறிப்பேட்டில் முடியாத பதிவுகள் இருந்தால் அவற்றை டிஸ்க்கில் எழுதி முடித்துவிட்டுத்தான் திறக்கும். வாசிக்க மட்டும் என்று நீங்கள் நினைத்த சேர்வர் அந்த நேரத்தில் எழுதிக்கொண்டிருக்கிறது. ஜர்னலைத் தொடாமல் திறக்கும் வழி இருக்கிறது. ஆனாலும் மற்றப் பக்கம் மாற்றிக்கொண்டே இருக்கும் டிஸ்க்கிலிருந்து வாசிப்பது பழையதும் புதியதும் கலந்த குப்பையாக இருக்கும். பார்க்க வேண்டுமென்றால் பெட்டியிலேயே அந்த நேரத்து நிலையை அப்படியே பிடிக்கும் ஒரு ஸ்நாப்ஷொட் எடுத்து, அதைத் தனி லன்னாகக் கொடுத்துப் பாருங்கள்.

அப்படியானால் இரண்டு சேர்வரும் ஒரே நேரத்தில் எழுத வழியே இல்லையா?

இருக்கிறது. அதற்கென்றே கட்டிய கோப்பு முறைமைகள் உண்டு. லினக்ஸில் ஜிஎஃப்எஸ்2, ஓசிஎஃப்எஸ்2 இரண்டும் 2006இலேயே கேர்னல் என்ற அதன் மையத்துக்குள் வந்துவிட்டன. விஎம்வெயாரில் விஎம்எஃப்எஸ், விண்டோஸில் கிளஸ்டர் ஷெயார்ட் வொல்யூம். ஒரு சேர்வர் ஒரு கட்டத்தைத் தொட முதல் மற்றவற்றிடம் பூட்டு வாங்கிக்கொண்டு தொடுவதுதான் இவற்றின் அடிப்படை.

ஆனால் பூட்டுக்கு விலை உண்டு. சின்னச் சின்னக் கோப்புகள் ஆயிரக்கணக்கில் உள்ள அடைவில் இரண்டு சேர்வரும் மாறி மாறி எழுதினால் வேகம் படுத்துவிடும். அதோடு, ஜிஎஃப்எஸ்2 வருகின்ற சேமிப்புத் தொகுப்பை ரெட் ஹாட் நிறுவனம் தன் லினக்ஸின் 10ஆம் பதிப்பில் நிறுத்திவிட்டது. புதிதாகத் தொடங்குகிறவர் இதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

என் எண்ணத்தில் எங்கள் அலுவலகங்களில் பத்தில் ஒன்பதுக்கு இது தேவையில்லை. ஒரு நேரத்தில் ஒரு சேர்வர் மட்டும் மவுண்ட் செய்து மற்றவர்களுக்கு வலையமைப்பு வழியாகக் கொடுக்கட்டும். அது விழுந்தால் மற்றது எடுக்கட்டும். லினக்ஸில் இந்த மாற்றத்தைப் பேஸ்மேக்கர் என்ற மென்பொருள் பார்த்துக்கொள்ளும். எந்த லன்னைக் கிளஸ்டர் பார்க்கிறதோ, அதை இயங்குதளம் பூட் ஆகும்போது தானாக மவுண்ட் செய்யும் பட்டியலில் ஒருபோதும் எழுதாதீர்கள். இந்த ஒரு வரியால் வந்த சேதம் கொஞ்சமல்ல.

ஃபென்சிங் என்று எல்லாரும் பயமுறுத்துகிறார்கள். அது என்ன?

பயமுறுத்தவில்லை, கெஞ்சுகிறோம்.

‘அ’ சேர்வரும் ‘ஆ’ சேர்வரும் ஒன்றையொன்று உயிரோடு இருக்கிறதா என்று நொடிக்கு நொடி விசாரித்துக்கொண்டிருக்கும். திடீரென்று ‘அ’விடமிருந்து பதில் இல்லை. ‘ஆ’ என்ன நினைக்க வேண்டும்? செத்துவிட்டது என்று நினைப்பது மனித இயல்பு. ஆனால் கேபிள் கழன்றிருக்கலாம். சுவிட்ச் நின்றிருக்கலாம். ‘அ’ ஏதோ சுமையில் முப்பது நொடி திணறிவிட்டுத் திரும்ப எழும்பலாம். எழும்பியதும் தன் நினைவகத்தில் தேங்கி நின்ற எழுத்தையெல்லாம் டிஸ்க்கில் கொட்டும், தன் இடத்தை மற்றவர் எடுத்துவிட்டது தெரியாமலே.

ஆகவே ‘ஆ’ அந்த லன்னைத் தொட முதல், ‘அ’ இனி எழுதவே முடியாது என்பதை உறுதி செய்ய வேண்டும். ஊகிப்பது போதாது. அதைத்தான் ஃபென்சிங் என்கிறார்கள், வேலி அடைப்பது. கட்டாக்காலி மாடு எங்கேயோ போய்விட்டது என்று நம்பி யாரும் விதைப்பதில்லை. வேலியை அடைத்துவிட்டுத்தான் விதைக்கிறோம்.

அடைக்கப் பல வழிகள் உண்டு. ஒன்று, கரண்டை வெட்டுவது. சேர்வரின் உள்ளேயே இருக்கும் ஐபிஎம்ஐ, ஐலோ, ஐடிராக் போன்ற நிர்வாகச் சில்லு மூலமோ, வலையமைப்பு வழியாகக் கட்டளை ஏற்கும் மின்பங்கீட்டுப் பட்டை மூலமோ செய்யலாம். இங்கே ஒரு பொறி இருக்கிறது. ஐபிஎம்ஐ அதே சேர்வரின் கரண்டில்தான் ஓடுகிறது. ஒரு சேர்வரின் பிளக்கே கழன்றால் அதன் ஐபிஎம்ஐயும் பேசாது. “நிறுத்திவிட்டேன்” என்ற பதில் வராதபடியால் மற்றச் சேர்வர் காத்துக்கொண்டே நிற்கும். பலர் இதைக் கிளஸ்டரின் குறை என்கிறார்கள். அது நிற்பதுதான் சரி. ஆனால் நிற்காமல் போகவேண்டுமென்றால் இரண்டாவது வழி ஒன்றையும் அடுத்த படியாகக் கொடுத்து வையுங்கள்.

அந்த இரண்டாவது வழி பெட்டியிலேயே இருக்கலாம். ஸ்கசி-3 நிலைமுன்பதிவு என்று ஒரு வசதி உண்டு. ஒவ்வொரு சேர்வரும் லன்னில் தன் திறப்பைப் பதிந்துகொள்ளும். ‘ஆ’ போய் ‘அ’வின் திறப்பை நீக்கிவிட்டால் அதன் பிறகு ‘அ’ அனுப்பும் எழுத்தைப் பெட்டியே மறுத்துவிடும். கரண்டை வெட்டத் தேவையில்லை. மலிவான பெட்டிகள் எல்லாவற்றிலும் இது ஒழுங்காக வேலை செய்யும் என்று நம்பாதீர்கள், வாங்க முதல் பரிசோதித்துக் காட்டச் சொல்லுங்கள்.

மூன்றாவது, எஸ்பிடி. பொது டிஸ்க்கில் சில மெகாபைட் அளவான சின்னத் துண்டொன்றை ஒதுக்கி, அதில் ஒவ்வொரு சேர்வருக்கும் ஒரு செய்திக் கட்டம். ‘ஆ’ அதில் “நின்றுவிடு” என்று எழுதினால் ‘அ’ வாசித்து உடனே தன்னைத்தானே ரீசெட் செய்யும். வாசிக்கவே முடியாத நிலையில் இருந்தால், ‘அ’வுக்குள் இருக்கும் வாட்ச்டொக் கடிகாரம் நேரம் முடிந்து அதை ரீசெட் செய்துவிடும். வாட்ச்டொக் நேரத்தின் இரண்டு மடங்கு காத்திருந்துவிட்டுத்தான் ‘ஆ’ வேலையை எடுக்கும்படி வைப்பது வழக்கம். பெட்டியின் பாதை மாறுவதற்கு எடுக்கும் நேரத்தைவிட வாட்ச்டொக் நேரம் கூடுதலாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரு கேபிள் கழன்றதற்கு இரண்டு சேர்வரும் விழும்.

ஃபென்சிங் கருவி இல்லை. அமைப்பில் ஸ்டோனித் என்ற ஃபென்சிங் விருப்பத்தை அணைத்ததும் கிளஸ்டர் ஓடுகிறது. அப்படியே விடலாமா?

கூடாது. இணையத்தில் உள்ள பல பாடங்கள் முதல் படியாகவே அதை அணைக்கச் சொல்கின்றன. ஆய்வுகூடத்துக்கு அது சரி. உண்மையான தரவு இருக்கும் பெட்டிக்கு அது, காவலாளியை அனுப்பிவிட்டுப் படலையைத் திறந்து வைப்பது. எல்லா நாளும் ஓடும், கேபிள் கழலும் நாளில் மட்டும் இரண்டும் எழுதும். ஃபென்சிங்குக்கு வசதி இல்லையென்றால் தானியங்கி மாற்றமே வேண்டாம். ஒருவர் நேரில் போய், முதல் சேர்வரின் கரண்டைக் கழற்றிவிட்டு, இரண்டாவதில் கையால் தொடங்கட்டும். இருபது நிமிடம் பிந்தும். பிந்தட்டும்.

குவோரத்துக்கு மூன்றாவது சேர்வர் வாங்க வேண்டுமா?

சேர்வர் வேண்டாம், மூன்றாவது வாக்கு வேண்டும். கிளஸ்டர் பெரும்பான்மையில் ஓடுகிறது, அந்தப் பெரும்பான்மைதான் குவோரம். மூன்றில் இரண்டு, நான்கில் மூன்று. இரண்டு சேர்வர் பிரிந்தால் இரு பக்கமும் ஒரு வாக்கு, யாருக்கும் பெரும்பான்மை இல்லை.

சேர்வர்கள் ஒன்றையொன்று விசாரிக்கப் பாவிக்கும் கோரோசிங் மென்பொருளில் இரண்டு சேர்வருக்கென்றே ஒரு விசேட அமைப்பு உண்டு. அதில் ஒன்றே ஒன்று மிஞ்சினாலும் ஓடும். ஆனால் தொடக்கத்தில் இரண்டும் ஒருதடவையாவது ஒன்றையொன்று கண்டிருக்க வேண்டும். இந்த முறையில் ஃபென்சிங்தான் முழுப் பாரத்தையும் தாங்குகிறது. அதோடு இருவரும் ஒரே கணத்தில் ஒருவரையொருவர் வெட்டிவிடாமல், ஒரு பக்கத்துக்குச் சில நொடி தாமதம் கொடுத்து வையுங்கள்.

இதைவிட நல்லது மூன்றாவது வாக்கைப் போடும் ஒரு நடுவர். அதற்கான மென்பொருள் டெபியன் லினக்ஸில் இருக்கிறது, ரஸ்ப்பெரி பை என்ற கையளவு கணினி ஒன்று போதும். பெட்டி இருக்கும் அறையிலேயே அதை வைக்காதீர்கள். வேறு கட்டடம், முடிந்தால் வேறு ஊர். விண்டோஸில் இதே வேலையைச் சாட்சி டிஸ்க்கோ பகிர்வு அடைவோ செய்யும்.

சேர்வர்கள் ஒன்றையொன்று விசாரிக்கும் பாதையும் ஒரே சுவிட்சை நம்பி இருக்கக்கூடாது. ஒரு நேரடிக் கேபிளைச் சேர்வருக்கும் சேர்வருக்கும் இடையில் போட்டுவிடுங்கள். அந்தக் கேபிளின் விலைக்கு இதைவிடப் பெரிய பாதுகாப்பு கிடைக்காது.

விண்டோஸ் சேர்வரில் “டிஸ்க்கை இனிஷியலைஸ் செய்யவா” என்று கேட்கிறது. ஓம் சொல்லவா?

நிறுத்துங்கள். அந்த டிஸ்க் லினக்ஸ் சேர்வருக்குக் கொடுத்த லன்னாக இருக்கலாம். விண்டோஸுக்கு அதன் உள்ளடக்கம் புரியாதபடியால் வெற்று டிஸ்க் என்று நினைத்துக் கேட்கிறது. ஓம் என்றால் முதலில் போவது டிஸ்க்கின் தொடக்கத்தில் உள்ள விபரம்.

எந்த லன்னை எந்தச் சேர்வர் பார்க்கலாம் என்பதைப் பெட்டியிலேயே கட்டுப்படுத்துங்கள். தேவையில்லாத சேர்வரின் கண்ணுக்கு அது படவே கூடாது. வலையமைப்பு வழியாக லன்னைக் கொடுக்கும் ஐஸ்கசி முறையைப் பாவிப்பவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை: ஒரு சேர்வரை அப்படியே குளோன் செய்து இரண்டாவதை உருவாக்கினால், இரண்டுக்கும் ஒரே ஐஸ்கசிப் பெயர் இருக்கும். பெட்டி இரண்டையும் ஒரே ஆள் என்று நினைத்துக் கதவைத் திறந்துவிடும். குளோன் செய்ததும் முதல் வேலை அந்தப் பெயரை மாற்றுவது. ஐஸ்கசியைப் பாவனையாளர் வலையமைப்பில் கலக்காமல் தனி சுவிட்சிலோ தனி விலானிலோ (சுவிட்சுக்குள் பிரித்த தனி வலையமைப்பு) விடுங்கள்.

ஒரே லன் நான்கு டிஸ்க்காகத் தெரிகிறது. ஏன்?

சேர்வரிலிருந்து பெட்டிக்கு நான்கு பாதை இருக்கிறது, ஒவ்வொரு பாதைக்கும் ஒரு தோற்றம். மல்டிபாத் மென்பொருள் நான்கையும் ஒன்றாகக் கட்டி ஒரு பெயர் கொடுக்கும். அந்தப் பெயரை மட்டும் பாவியுங்கள். தனித்தனித் தோற்றங்களில் ஒன்றைப் பிடித்து மவுண்ட் செய்தால், அந்த ஒரு கேபிள் போகும் நாளில் எல்லாம் போகும். அவற்றின் எழுத்துப் பெயர்கள் ஒவ்வொரு பூட்டிலும் மாறக்கூடியவை. நேற்று ‘பி’யாக இருந்தது இன்று ‘டி’யாக இருக்கலாம். லன்னின் மாறாத அடையாள எண்ணைப் பார்த்தே வேலை செய்யுங்கள்.

எல்லாப் பாதையும் போனால் என்ன செய்வது என்று மல்டிபாத்துக்குச் சொல்லி வைக்க வேண்டும். காலவரையின்றிக் காத்திரு என்று விட்டால் சேர்வர் தொங்கிப்போய், கிளஸ்டர் அதை ஒழுங்காக நிறுத்தவும் முடியாமல் நிற்கும். சில தடவை முயன்றுவிட்டுப் பிழை கொடு என்று வைப்பது கிளஸ்டருக்குப் பொருந்தும்.

இஸட்எஃப்எஸ் பாவிக்கிறோம். “கட்டாயமாக இம்போர்ட் செய்” என்றால் திறக்கிறது. தவறா?

எப்போது என்பதைப் பொறுத்தது. இஸட்எஃப்எஸ் கிளஸ்டர் கோப்பு முறைமை இல்லை. ஒரு பூலை (டிஸ்க்குகளைச் சேர்த்துக் கட்டிய அதன் சேமிப்பிடம்) ஒரு நேரத்தில் ஒரு சேர்வர்தான் திறக்கலாம். “வேறு சேர்வர் பாவிக்கிறது” என்று அது மறுக்கும்போது கட்டாயப்படுத்தினால், உண்மையிலேயே மற்றது பாவித்துக்கொண்டிருந்தால், பூல் முழுதும் போகலாம். 2017இல் வந்த 0.7 பதிப்பிலிருந்து மல்ட்டிஹோஸ்ட் என்ற பாதுகாப்பு உண்டு. அதை இயக்கி, இரண்டு சேர்வருக்கும் வெவ்வேறு ஹோஸ்ட் அடையாளம் கொடுத்து வையுங்கள். பூலை வேறு யாரும் உயிரோடு பிடித்திருக்கிறார்களா என்று அது பார்த்துவிட்டே திறக்கும். ஆனாலும் அது கடைசித் தடுப்புத்தான், ஃபென்சிங்குக்கு மாற்று ஆகாது.

வேர்ச்சுவல் மெஷின் ஓட்டும் ப்ரொக்ஸ்மொக்ஸ் பாவிப்பவர்களுக்கும் ஒரு வரி: பொது லன்னில் சாதாரண எல்விஎம் (டிஸ்க்கைத் துண்டாக்கும் லினக்ஸ் வசதி) போடலாம், மெலிந்த எல்விஎம்மைச் (எல்விஎம்-தின்) சேர்வர்களிடையே பகிர முடியாது.

ரெயிட் 5 போதுமா?

ரெயிட் என்பது ஒரு டிஸ்க் போனாலும் தரவு போகாதபடி பல டிஸ்க்குகளைச் சேர்த்துக் கட்டுவது. பெரிய டிஸ்க் என்றால் ரெயிட் 5 போதாது. ஒரு 8 டெராபைட் டிஸ்க்கை நொடிக்கு 150 மெகாபைட் வேகத்தில் திரும்பக் கட்டினால் கிட்டத்தட்ட 15 மணித்தியாலம், அதுவும் வேறு வேலை எதுவும் இல்லாவிட்டால். பாவனையோடு என்றால் நாள் கணக்கில் போகும். அந்த நேரம் முழுவதும் ரெயிட் 5இல் இன்னொரு டிஸ்க் போனால் எல்லாம் போச்சு. ஒரே நாளில் வாங்கிய டிஸ்க்குகள் ஒரே காலத்தில் பழுதாவது சாதாரணம். ரெயிட் 6 போடுங்கள், தரவுத்தளத்துக்கு ரெயிட் 10.

பெட்டிக்குள் ஒரு காத்திருக்கும் டிஸ்க், அலுமாரிக்குள் இன்னொன்று. கொழும்பிலிருந்து சரியான மாதிரி வந்து சேரும்வரை உங்கள் பெட்டி ஒற்றைக் காலில் நிற்கக்கூடாது. மாதம் ஒரு தடவை எல்லா டிஸ்க்கையும் முழுதாக வாசித்துச் சரிபார்க்கும் வேலையை இயக்கி வையுங்கள். யாரும் தொடாத மூலையில் உள்ள பழுது, இல்லாவிட்டால் திரும்பக் கட்டும் நேரத்தில்தான் தெரியவரும்.

டிஸ்க்கைக் கழற்றும்போது அதன் விளக்கை மென்பொருளால் மின்னவிட்டு, தொடர் எண்ணை ஒருவர் வாசிக்க மற்றவர் சரிபார்த்த பிறகு கை வையுங்கள். கொன்ட்ரோலர் மாற்றியதும் “வெளி அமைப்பு இருக்கிறது, உள்ளே எடுக்கவா அழிக்கவா” என்று கேட்டால், அழி என்பதன் பக்கம் விரலைக் கொண்டு போகாதீர்கள். அந்த “வெளி அமைப்பு” உங்கள் ரெயிட்தான்.

மின்வெட்டுக்கு என்ன ஆயத்தம்?

இது எங்கள் ஊரின் கேள்வி. 2022 மார்ச் இறுதியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லாமல் இருந்தோம். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை நாடு முழுவதும் ஒரேயடியாக இருண்டது. கிளஸ்டர் கைநூல்களில் “ஒரு சேர்வர் விழுந்தால்” என்று எழுதுகிறார்கள். இங்கே எல்லாமே சேர்ந்து விழும்.

யூபிஎஸ் வேலையைத் தொடர்வதற்கு என்று நினைக்காதீர்கள், ஒழுங்காக நிறுத்துவதற்கு என்று நினையுங்கள். ஒழுங்கு முக்கியம். முதலில் செயலிகளும் வேர்ச்சுவல் மெஷின்களும், அப்புறம் கிளஸ்டர் சேவை, அப்புறம் சேர்வர்கள், அதன்பின் பெட்டி, கடைசியாக சுவிட்ச். தொடங்கும்போது தலைகீழாக: சுவிட்ச், பெட்டி முழுதாக எழும்பிப் பச்சை விளக்கு வரும்வரை காத்திருந்து, பிறகு சேர்வர்கள். நட் என்ற இலவச மென்பொருள் யூபிஎஸ்ஸைப் பார்த்து நிறுத்தும் வேலையைத் தானாகச் செய்யும். பற்றரி எத்தனை நிமிடம் தாங்குகிறது, முழு நிறுத்தத்துக்கு எத்தனை நிமிடம் எடுக்கிறது என்று கடிகாரம் வைத்து அளந்து பாருங்கள்.

கரண்ட் வந்ததும் சேர்வர் தானாக எழும்பும் அமைப்பை நான் அணைத்துத்தான் வைப்பேன். எங்கள் பக்கம் கரண்ட் வந்தால் வந்தபடி நிற்பதில்லை. வரும், போகும், திரும்ப வரும். பாதி எழும்பிய பெட்டியை முழுதாக எழும்பிய சேர்வர் தேடுவது நல்லதல்ல.

டிஸ்க்குக்குப் போக முதல் எழுத்து தங்கும் கொன்ட்ரோலர் நினைவகம்தான் எழுத்துக் கேஷ். அதன் பற்றரியைக் கவனியுங்கள். அது பலவீனமானால் பெட்டி தானாகவே நேரடி எழுத்துக்கு மாறி மெதுவாகும். பாவனையாளர் முறைப்பாடு சொல்கிறார்கள் என்று கேஷைக் கட்டாயமாக இயக்காதீர்கள். சேர்வருக்கு “எழுதிவிட்டேன்” என்று சொன்னது டிஸ்க்குக்குப் போகாமலே கரண்டோடு போய்விடும். யூபிஎஸ்ஸின் ஈயப் பற்றரிக்கும் சூடு ஆகாது. 25 பாகைக்கு மேல் ஒவ்வொரு 10 பாகைக்கும் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது பொதுவான கணக்கு. தகரக் கூரை அறையில் ஐந்து வருடம் தாங்கும் என்று எழுதியிருப்பதை நம்ப முடியாது. சின்ன ஜெனரேற்றரின் அதிர்வெண் ஆடினால் யூபிஎஸ் அந்தக் கரண்டை ஏற்காமல் பற்றரியிலேயே ஓடி முடிந்துவிடும். ஜெனரேற்றர் இருக்கிறது என்று நிம்மதியாக இருக்க முதல் இதைச் சோதித்துவிடுங்கள்.

மின்னல், புழுதி?

கட்டடத்துக்குக் கட்டடம் செப்புக் கேபிள் இழுக்காதீர்கள், ஃபைபர் போடுங்கள். சித்திரையிலும் ஐப்பசியிலும் இடி விழுந்தால் செப்புக் கேபிள்தான் அதைச் சேர்வர் அடுக்கும் ரெக்கின் உள்ளே அழைத்து வரும். எர்த் கம்பியைக் கோடையில் அளந்து பாருங்கள், காய்ந்த மண்ணில் அது வேலை செய்யாமல் இருக்கலாம். செம்மண் புழுதிக்கு வடிகட்டியை மாதம் ஒருமுறை கழுவுவதைத் தவிர வேறு மந்திரம் இல்லை.

பெட்டியில் ஸ்நாப்ஷொட் எடுக்கிறோம். காப்புப் பிரதி வேண்டுமா?

வேண்டும். ஸ்நாப்ஷொட் அதே டிஸ்க்குகளில்தான் இருக்கிறது. தவறாக அழித்த கோப்பை மீட்க நல்லது, பெட்டி போனால் அதுவும் போகும். மூன்று பிரதி, இரண்டு வகை ஊடகம், ஒன்று வேறு இடத்தில். 2018 டிசம்பரில் இரணைமடுக் குளம் வான் பாய்ந்து கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வெள்ளம் ஏறியதைக் கண்டவர்களுக்கு “வேறு இடம்” என்பது அடுத்த அறை இல்லை என்று விளங்கும். கிளிநொச்சிக்காரர் வவுனியாவில் ஒரு பிரதி வையுங்கள், வவுனியாக்காரர் கிளிநொச்சியில். ஒரு பிரதியாவது எந்தச் சேர்வரோடும் பூட்டாமல் தனியாக இருக்கட்டும்.

இதைப் பற்றி நான் கொஞ்சம் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 2009இல் இந்த மண்ணின் சனம் பிறப்புப் பத்திரம், காணி உறுதி, பள்ளிக்கூடச் சான்றிதழ் எல்லாவற்றையும் இழந்து வந்தது. ஒரு துண்டுக் காகிதத்துக்காக வருடக்கணக்கில் வரிசையில் நின்ற பெற்றோரை எல்லாரும் கண்டிருக்கிறோம். இன்று அந்தப் பதிவுகளில் பல எங்கள் பெட்டிகளில் இருக்கின்றன. இன்னொரு தடவை அவர்களிடம் “இல்லை, தொலைந்துவிட்டது” என்று சொல்லும் நிலைக்கு நாங்கள் ஆளாகக்கூடாது.

மீட்டுப் பார்க்காத பிரதியை நான் பிரதி என்று எண்ணுவதில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வேறொரு கணினியில் மீட்டு, அந்த அலுவலகத்தவர் ஒருவரைக் கூப்பிட்டுத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.

பாவனைக்கு விட முதல் எப்படிச் சோதிப்பது?

பொய்த் தரவை ஏற்றி, எழுதிக்கொண்டிருக்கும்போதே உடைத்துப் பாருங்கள். ஒரு சேர்வரின் கரண்டைப் பிடுங்குங்கள். சேர்வர்களுக்கு இடையிலான கேபிளைக் கழற்றுங்கள். பெட்டிக்குப் போகும் ஒரு பாதையை, பிறகு எல்லாப் பாதையையும். கேர்னலைக் கையால் விழுத்துங்கள். கொன்ட்ரோலர் ஒன்றை வெளியே இழுங்கள். கடைசியாக முழு ரெக்கின் கரண்டையும் நிறுத்துங்கள். ஒவ்வொன்றிலும் யார் யாரை வெட்டினார், எத்தனை நொடி எடுத்தது, தரவு முழுமையா என்று கொப்பியில் எழுதுங்கள். வருடம் ஒருமுறை, மாரி தொடங்க முதல், இதே பட்டியலை அறிவிப்புக் கொடுத்துவிட்டுத் திரும்பச் செய்யுங்கள். அந்தக் கொப்பி காகிதத்தில் ரெக்கின் பக்கத்தில் தொங்கட்டும். பெட்டி விழுந்த இரவில் பெட்டிக்குள் இருக்கும் கைநூலை யாரும் வாசிக்க முடியாது.

இரண்டு சேர்வரும் ஏற்கனவே எழுதிவிட்டன. இப்போது என்ன செய்வது?

இரண்டையும் நிறுத்துங்கள். ஒழுங்காக அணைக்கக்கூட வேண்டாம், அணைக்கும்போது தேங்கிய எழுத்தைத் திரும்பக் கொட்டும். பெட்டியில் அந்த லன்னைப் பார்க்கும் உரிமையை இரண்டு சேர்வரிடமிருந்தும் எடுத்துவிட்டு, பிறகு சேர்வர்களின் கரண்டை வெட்டுங்கள்.

கோப்பு முறைமையைச் சரிபார்க்கும் எஃப்எஸ்செக் கட்டளையை ஓட்டாதீர்கள். அது கோப்பு முறைமையை ஒழுங்காக்கும், உங்கள் தரவைக் காப்பாற்றும் என்று அர்த்தமில்லை. பொருந்தாத துண்டுகளை அது வெட்டி எறிந்துவிடும், அதற்குப்பின் யாராலும் சேர்க்க முடியாது. முதலில் லன் முழுவதையும் கட்டம் கட்டமாக வேறொரு டிஸ்க்குக்குப் படியெடுங்கள். எவ்வளவு நேரம் எடுத்தாலும் சரி, மேலிடத்திலிருந்து எத்தனை அழைப்பு வந்தாலும் சரி. திருத்த முயற்சி எல்லாம் அந்தப் படியின்மேல்தான்.

இரண்டும் சேர்ந்து எழுதத் தொடங்கிய நேரத்தைப் பதிவுக் கோப்புகளில் தேடிப் பிடியுங்கள். அதற்கு முந்தைய காப்புப் பிரதியைப் புதிய லன்னில் மீட்டு, சேவையை அங்கிருந்து தொடங்குங்கள். அதற்குப் பிந்தைய கோப்புகளைப் படியிலிருந்து ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துத்தான் சேர்க்க வேண்டும். பெயரும் அளவும் சரியாக இருக்கிறது என்று உள்ளே பார்க்காமல் ஏற்றாதீர்கள்.

எந்த நாள் எந்த மணிக்குப் பிந்திய பதிவுகள் சந்தேகத்துக்குரியவை என்பதை அந்த அலுவலகத்தவரிடம் அன்றைக்கே, எழுத்தில் சொல்லுங்கள். விண்ணப்பப் படிவமும் பற்றுச்சீட்டும் அவர்களின் மேசையில் இன்னும் காகிதமாக இருக்கும். ஒரு கிழமை கழித்துச் சொன்னால் அவை கட்டாகக் கட்டி எங்கேயோ போயிருக்கும்.